அரசின் இரகசியமும் இதழின் உரிமையும்

முன்னுரை

தமிழ்த்துறை மாணவர்க்கு இதழியலும் ஒரு பாடமாக அமைந்துள்ளது. அப்பாடத்தில் 'இதழ்ச் சட்டங்கள்' என்னும் அலகினை நாம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து வினா ஒன்றைத் தொடுத்தார். "ஐயா, நான் ஒரு நாளிதழில் செய்தியாளனாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். 'இரகசியம்' என முத்திரையிட்ட அரசுத் தாள் ஒன்றை யாரோ என் கையில் கொடுக்கிறார். மக்கள் பணம் வீணானது பற்றிய செய்தி அதில் இருக்கிறது. அதை வெளியிட்டால் நான் கடமையைச் செய்தவனா, குற்றவாளியா?" என்பது அவர் கேட்ட வினா.

அன்று நாம் சட்டத்தின் பெயரையும் ஆண்டினையும் தண்டனையின் அளவினையும் கூறினோம். தேர்வுக்கு அவ்விடை போதும். ஆயினும் அம்மாணவரின் முகம் தெளியவில்லை. நமக்கும் அவ்விடை நிறைவு தரவில்லை. அவர் கேட்டது சட்டத்தின் பெயரை அன்று. நேர்மையான செய்தியாளன் ஒருவன் சட்டத்தின்முன் எங்கே நிற்கின்றான் என்பதையே அவர் கேட்டார். அவ்வினாவுக்கு உரிய விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் வந்த வழி

அரசு இரகசியங்களைக் காக்கும் நம் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்தது. 1889இல் இந்தியாவுக்கென முதற்சட்டம் இயற்றப்பட்டது. கர்சன் பிரபு ஆளுநர் நாயகமாக இருந்த காலத்தில், 1904இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. அதனைச் சட்ட மன்றத்தில் வன்மையாக எதிர்த்தவருள் கோபால கிருஷ்ண கோகலே முதன்மையானவர். பின்னர் 1923இல் முந்தைய சட்டங்களுக்கு மாற்றாக அலுவல்சார் இரகசியச் சட்டம் இயற்றப்பட்டது. சில திருத்தங்களுடன் இன்றளவும் நடைமுறையில் உள்ளது அச்சட்டமே.

இதற்கு முன்மாதிரியாக இருந்தது இங்கிலாந்து 1911இல் இயற்றிய சட்டமாகும். ஜெர்மானிய ஒற்றர்களைப் பற்றிய அச்சம் பரவியிருந்த அந்நாளில், அம்மசோதா ஆங்கிலேயப் பொதுமன்றத்தில் ஒரே பிற்பகலில் நிறைவேறியது. அச்சத்தில் அவசரமாக எழுதப்பட்ட சட்டம் ஒன்றின் சாயல், அடிமை நாடாக இருந்த இந்தியாவின்மீது படிந்தது. ஆள்வோர் ஆளப்படுவோர்க்குப் பதில் கூறத் தேவையில்லாத காலத்தில் எழுந்த சட்டம் இஃது என்பதை முதற்கண் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

சட்டத்தின் இரு பிரிவுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. மூன்றாம் பிரிவு வேவு பார்த்தலைப் பற்றியது. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் நோக்குடன் படைத்துறைச் செய்திகளைத் திரட்டுவோர்க்கும் கொடுப்போர்க்கும் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. இதனை எவரும் குறைகூறார்.

ஐந்தாம் பிரிவே சிக்கலுக்குரியது. பகைவர்க்கு உதவக்கூடிய செய்தியோடு அது நிற்பதில்லை. அரசு அலுவலர் ஒருவர் தம் பதவியின் காரணமாகப் பெற்ற செய்தி, நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி ஆகியவையும் அதன் வலைக்குள் அடங்கும். உரிமையின்றி அதனைப் பிறர்க்குக் கொடுப்பது குற்றம். சட்டத்தை மீறித் தரப்படுகின்றது என அறிந்தே அதனைப் பெற்றுக்கொள்வதும் குற்றம். தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். ஆனால் 'இரகசியம்' என்பது யாது என்னும் வரையறை அச்சட்டத்தில் யாண்டும் இல்லை. வரையறை இல்லாதபோது, தாளின்மேல் முத்திரை குத்தும் அலுவலரின் கையே வரையறை ஆகிவிடுகின்றது.

மறைத்தற்கு உரியவை

அரசுக்கு இரகசியமே கூடாது என்று கூறுதல் பேதைமையாகும். ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அரசுக்கு மறைவான செயல்களும் உண்டு என்பதை நன்கு உணர்ந்தவர். படை செல்லும் வழி, ஒற்றர்களின் பெயர்கள், மறைகுறியீடுகள், நடந்துகொண்டிருக்கும் உடன்படிக்கைப் பேச்சுகள் முதலியன உரிய காலம் வரை மறைக்கப்பட வேண்டியவையே.

செய்தி ஊடகத்தின் அவசரம் உயிர்களுக்கே கேடாக முடியலாம் என்பதை 2008 நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதல் காட்டிற்று. பாதுகாப்புப் படையினர் விடுதிகளுக்குள் நடத்திய நடவடிக்கைகளைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. தாக்குதல்காரர்களை அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் இயக்கியோர் அக்காட்சிகளைப் பார்த்துக்கொண்டே கட்டளையிட்டனர். 2012 ஆகஸ்டில் அஜ்மல் கசாப் வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஊடகங்களின் இச்செயலைக் கடுமையாகக் கண்டித்தது. கருத்துரிமையின் பெயரால் இதனை நியாயப்படுத்த இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1985 ஜனவரியில் தில்லியில் வெளிப்பட்ட வேவு வழக்கும் கருதத்தக்கது. பிரதமர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களின் ஆவணங்களைக் கீழ்நிலை அலுவலர் சிலர் நகலெடுத்து விற்றனர். அவை அயல்நாட்டுத் தூதரகத்தார் கைக்குச் சென்றன. இவர்கள் மக்களுக்குச் செய்தி சொன்னவர்கள் அல்லர். மக்களின் உடைமையை விலைபேசியவர்கள். இவர்களைத் தண்டித்தலால் இதழ்ச் சுதந்திரத்திற்கு யாதொரு குறையும் நேராது.

ஆகவே இரகசியம் வேண்டுமா வேண்டாவா என்பது நம்முன் உள்ள வினா அன்று. எது இரகசியம் என்பதை யார், எவ்வாறு முடிவுசெய்வது என்பதே வினா.

முத்திரை மட்டும் போதுமா?

2002 ஜூன் 9ஆம் நாள், 'காஷ்மீர் டைம்ஸ்' நாளிதழின் தில்லிச் செய்திப் பிரிவுத் தலைவராக இருந்த இஃப்திகார் கிலானி தம் இல்லத்தில் கைது செய்யப்பட்டார். அவருடைய கணிப்பொறியில் காஷ்மீரில் உள்ள இந்தியப் படைகளைப் பற்றிய குறிப்பு ஒன்று கிடைத்தது. அது நாட்டுப் பாதுகாப்புக்கு உரிய இரகசியம் என்று கூறி 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது.

உண்மையில் அக்குறிப்பு, இஸ்லாமாபாத்தில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று வெளிப்படையாகப் பதிப்பித்திருந்த கட்டுரையின் பகுதியாகும். இணையத்தில் எவரும் அதனைப் படிக்கலாம். ஆயினும் அதனைச் சோதித்த படைத்துறை உளவுப் பிரிவு முதலில் அஃது ஊறு விளைக்கும் செய்தி என்றே கருத்துரைத்தது. அச்செய்தி யாவர்க்கும் கிட்டுவது, பாதுகாப்புக்கு அதனால் கேடு இல்லை என்று அதே பிரிவு பின்னர்த் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 2003 ஜனவரியில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. ஜனவரி 13ஆம் நாள் கிலானி விடுதலையானார். அதற்குள் திகார்ச் சிறையில் ஏழு மாதங்கள் கழிந்திருந்தன. அந்நாள்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 2005இல் வெளிவந்தது.

அலுவலர் ஒருவர் 'இரகசியம்' என்றார். அச்சொல்லே ஒருவரை ஏழு மாதம் சிறையில் வைக்கப் போதுமானதாயிற்று. பொருளைப் பிரித்துப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்திருக்கும். இக்குறையைச் சட்ட ஆணையம் 1971ஆம் ஆண்டிலேயே தன் 43ஆம் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. வெளியீடு பொதுநலனுக்கு உகந்ததாகவும், நாட்டின் நலனுக்குக் கேடு இல்லாததாகவும் இருக்கும்போது, சுற்றறிக்கையின் மேல் 'இரகசியம்' என எழுதியிருப்பது ஒன்றே தண்டனைக்குக் காரணமாகலாகாது என்பது அவ்வறிக்கையின் கருத்தாகும்.

தடுத்தலும் தண்டித்தலும்

இதழ்களை அடக்க அரசுக்கு இரு வழிகள் உள. வெளியிடுமுன் தடுத்தல் ஒன்று. வெளியிட்டபின் தண்டித்தல் மற்றொன்று. நீதிமன்றங்கள் முன்னதைப் பெரிதும் மறுத்துள்ளன. பின்னதைப் பற்றித் தெளிவான முடிவு இன்னும் தோன்றவில்லை. இவ்வேறுபாட்டை விளக்க இரு வழக்குகளைக் காண்போம்.

முதலாவது அமெரிக்க வழக்கு. வியட்நாம் போரில் அமெரிக்கா இறங்கிய வரலாற்றை ஆராய்ந்து தொகுக்குமாறு அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் இராபர்ட் மெக்னமாரா 1967இல் பணித்தார். 47 தொகுதிகளில் ஏறத்தாழ 7,000 பக்கங்களாக அமைந்த அவ்வாய்வு மிக உயர்ந்த இரகசியமாக வைக்கப்பட்டது. அதனைத் தொகுப்பதில் பங்கு கொண்ட டேனியல் எல்ஸ்பெர்க், மக்களிடம் கூறப்பட்டதும் உண்மையில் நடந்ததும் வேறுவேறாக இருத்தலைக் கண்டு, அதனை நகலெடுத்து இதழ்களுக்குத் தந்தார். 1971 ஜூன் 13 முதல் 'நியூயார்க் டைம்ஸ்' அதனை வெளியிடத் தொடங்கியது. அரசு தடையாணை பெற்றது. ஜூன் 30ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் 6க்கு 3 என்னும் பெரும்பான்மையில் தடையை நீக்கியது. முன்தடை விதிக்கத் தக்க காரணத்தை மெய்ப்பிக்கும் பெருஞ்சுமை அரசுடையது, அதனை அரசு நிறைவேற்றவில்லை என்பது தீர்ப்பு.

ஆனால் அப்பெரும்பான்மை நீதிபதிகளுள் சிலர், வெளியிட்டபின் குற்றவழக்குத் தொடுக்கும் வாய்ப்பினை மறுக்கவில்லை. எல்ஸ்பெர்க் மீது 1917ஆம் ஆண்டின் வேவுச் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்தது. மொத்தம் 115 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கத்தக்க குற்றச்சாட்டுகள். அரசின் ஆள்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்திற்குள் களவாகப் புகுந்தமை முதலிய முறைகேடுகள் வெளிப்படவே, 1973 மே மாதத்தில் நீதிபதி வழக்கைத் தள்ளினார். அதனால் அடிப்படை வினாவுக்கு விடை கிட்டாமலே போயிற்று. 1971இல் அரசின் சார்பில் வாதாடிய எர்வின் கிரிஸ்வோல்டு, அவ்வெளியீட்டால் நாட்டுப் பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்ததற்கான தடயம் எதையும் தாம் கண்டதில்லை என்று 1989இல் எழுதினார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

இரண்டாவது நம் நாட்டு வழக்கு. பிரான்சு நாட்டிடமிருந்து 36 ரஃபேல் போர் விமானங்கள் வாங்க 2016 செப்டம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. அதனை எதிர்த்த மனுக்களை உச்சநீதிமன்றம் 2018 டிசம்பர் 14இல் தள்ளியது. 2019 பிப்ரவரியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'இந்து' ஆங்கில நாளிதழ் அவ்வுடன்படிக்கை பற்றிய பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களை வெளியிட்டது. சீராய்வு மனுதாரர்கள் அவற்றை நீதிமன்றத்தில் முன்வைத்தனர். மார்ச்சு 6ஆம் நாள் அரசின் தலைமை வழக்குரைஞர், அவை திருடப்பட்ட ஆவணங்கள் என்றும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றம் என்றும் வாதிட்டார். வெளிச்சென்றவை நகல்களே எனப் பின்னர் விளக்கினார்.

2019 ஏப்ரல் 10ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அரசின் தடையுரையை ஏற்க மறுத்தது. இரகசியம் எனக் குறிக்கப்பட்ட ஆவணங்கள் வெளியாவதைத் தடுக்கவோ, அவற்றை நீதிமன்றத்தில் வைப்பதைத் தடுக்கவோ அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் தரவில்லை என்றது. மேற்கூறிய அமெரிக்கத் தீர்ப்பும் அங்கு எடுத்துக்காட்டப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 14இல் சீராய்வு மனுக்கள் தள்ளப்பட்டன. கொள்முதலைப் பற்றிய முடிவு அரசுக்குச் சார்பாக அமைந்தது. ஆவணங்களைப் பார்த்தே முடிவுசெய்வோம் என்னும் நெறியும் நிலைபெற்றது. எனினும் ஐந்தாம் பிரிவின்கீழ்ச் செய்தியாளரைத் தண்டிக்கலாமா என்னும் வினா அங்கும் முடிவு செய்யப்படவில்லை.

2024 ஜூனில் ஜூலியன் அசாஞ்சின் வழக்கும் இவ்வாறே முடிந்தது. அவர் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ள, முன்னரே சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டது. விசாரணை நடைபெறாமையால், வெளியிட்டவரைத் தண்டித்தல் முறையா என்பதற்கு அங்கும் தீர்ப்பில்லை.

ஒரே நாட்டில் இரு சட்டங்கள்

இங்கிலாந்தில் பாதுகாப்பு அமைச்சக அலுவலரான கிளைவ் பான்டிங், 1982ஆம் ஆண்டுப் போரில் அர்ஜென்டீனக் கப்பல் 'பெல்கிரானோ' மூழ்கடிக்கப்பட்டமை பற்றிய தாள்களை 1984இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்க்கு அனுப்பினார். அரசின் நலனே நாட்டின் நலன் என்னும் வகையில் நீதிபதி எடுத்துரைத்தும், 1985 பிப்ரவரியில் நடுவர் குழுவினர் அவரைக் குற்றமற்றவர் என விடுத்தனர். 1989இல் அந்நாடு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் பரந்த பிரிவினை நீக்கிக் குறுகிய வகைகளை மட்டும் குற்றமாக வைத்துக்கொண்டது. ஆயினும் பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்னும் எதிர்வாதத்திற்கு அங்கும் இடம் தரப்படவில்லை. நமக்கு அச்சட்டத்தைக் கற்பித்தவர்களே அதனைச் சுருக்கிக்கொண்டனர்; நாமோ ஐந்தாம் பிரிவை அவ்வாறே வைத்துள்ளோம்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு பேச்சுரிமையைத் தருகின்றது. இதழ்ச் சுதந்திரம் அதனுள் அடங்கும் என்பது, சென்னை மாகாண அரசு 'கிராஸ்ரோட்ஸ்' இதழுக்கு விதித்த தடையை நீக்கி உச்சநீதிமன்றம் 1950இல் அளித்த ரொமேஷ் தாப்பர் வழக்குத் தீர்ப்பாலேயே உறுதிப்பட்டது. மக்களின் அறியும் உரிமையை 1975ஆம் ஆண்டு இராஜ்நாராயண் வழக்கும், 1981ஆம் ஆண்டு எஸ்.பி. குப்தா வழக்கும் நிலைநாட்டின. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005இல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

இச்சட்டத்தின் எட்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மாணவர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் யாது கூறினும், வெளிப்படுத்துவதால் விளையும் பொதுநலன் அதனால் நேரும் ஊறினைவிட மிகுமாயின், அத்தகவலைத் தரலாம் என்கின்றது அது. இங்குத்தான் முரண்பாடு வெளிப்படுகின்றது. தகவல் கேட்டு விண்ணப்பிக்கும் குடிமகனுக்குப் பொதுநலன் என்னும் துலாக்கோல் உண்டு. அதே தாளைப் பெற்ற செய்தியாளன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, ஐந்தாம் பிரிவில் அத்துலாக்கோல் இல்லை. ஒரு கையால் நீட்டியதை மறுகையால் சட்டம் பறித்துக்கொள்கின்றது.

இதனை நீக்குதற்கான வழியும் அறியப்படாததன்று. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிருவாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் அளித்த முதல் அறிக்கையிலேயே, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, வேவு பார்த்தலைத் தண்டிக்கும் விதிகளை மட்டும் நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. அஃது ஏற்கப்படவில்லை. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் இயற்றப்பட்ட சட்டமோ பத்தாண்டு கடந்தும் நடைமுறைக்குக் கொணரப்படாமல் ஏட்டளவில் நின்றது.

நாம் கொள்ளும் முடிவு

மேற்கூறியவற்றால் மூவரைத் தனித்தனியே பிரித்து நோக்குதல் வேண்டும் என்பது புலனாகும். நாட்டின் மறையைப் பகைவர்க்கு விற்பவன் முதலாமவன். அவன் தண்டனைக்கு உரியவன். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை வெளிப்படுத்தும் அலுவலர் இரண்டாமவர். நம் வீடுகளில் 'அமானிதம்' என்று சொல்வோமே, அவ்வகையில் அவர் ஒன்றைக் காப்பதாக ஏற்றவர். அதனை மீறியதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர். ஆனால் அவ்வமானிதத்தின் உண்மையான உரிமையாளர் மக்கள் என்பதையும், அவர்களுக்கே இழைக்கப்படும் தீங்கினை மறைப்பது காத்தல் ஆகாது என்பதையும் நீதிமன்றம் கேட்டறிதல் வேண்டும். எவ்வுறுதியும் அளிக்காத செய்தியாளர் மூன்றாமவர். அவர் வெளியிட்டதனால் மெய்யான ஊறு விளைந்தது, அதனை அவர் அறிந்தே செய்தார், அவ்வூறு பொதுநலனைவிட மிக்கது என்பவற்றை அரசு மெய்ப்பித்தாலன்றி அவரைத் தண்டித்தல் முறையன்று. நம் ஐந்தாம் பிரிவோ இரண்டாமவரையும் மூன்றாமவரையும் ஒரே தட்டில் நிறுத்துகின்றது.

செய்தியாளர்க்கும் கடமை உண்டு. தாள் உண்மையானதா எனச் சரிபார்த்தல், உயிர்க்கு ஊறு தரும் பெயரையும் இடத்தையும் நீக்குதல், அரசின் விளக்கத்தைக் கேட்டு வெளியிடுதல், செய்தி தந்தவரைக் காட்டிக்கொடாமை ஆகியன அவை. இக்கடமைகளைக் கைவிட்டு, விற்பனைக்காக மட்டும் வெளியிடுவோர் பொதுநலன் என்னும் கேடயத்தை இழக்கின்றனர்.

நிறைவுரை

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பினான் பாண்டியன். சிலம்பின் தோற்றத்தைக் கண்டவர்கள் அதன் உள்ளே இருப்பது யாது எனப் பார்க்கவில்லை. கண்ணகி அவையில் வந்து அதனை உடைத்தபோதுதான் உள்ளிருந்தவை முத்துகள் அல்ல, மாணிக்கங்கள் என்பது தெரிந்தது. அதற்குள் கோவலன் உயிர் போயிருந்தது. தன் தவற்றை உணர்ந்து உயிர் நீத்த பாண்டியனை நாம் இன்றும் மதிக்கின்றோம். ஆயினும் காலம் கடந்த ஆராய்ச்சி போன உயிரை மீட்டுத் தரவில்லை. முத்திரையை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லாமல், உள்ளிருப்பதைத் திறந்து பார்த்தபின் சொல்லுமாறு நீதிமன்றத்தைக் கடமைப்படுத்தும் சட்டமே இன்று நமக்குத் தேவை.

வினாத் தொடுத்த அம்மாணவர் இவ்வாண்டு படிப்பை முடித்துச் செல்கின்றார். நாளிதழ் ஒன்றில் சேர விண்ணப்பித்துள்ளதாகவும் கூறினார். அவர்க்கு நாம் இப்போது சொல்லக்கூடியது இதுதான்: தம்பி, அத்தாளில் மக்கள் அறிய வேண்டிய உண்மை இருந்து, அதனால் எவர் உயிர்க்கும் நாட்டின் காவலுக்கும் ஊறு இல்லையெனில், அதனை வெளியிடுதல் உன் கடமை. ஆனால் இன்றுள்ள சட்டம் உன்னைக் குற்றவாளி என்றும் கூறக்கூடும். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பது உன் குறையன்று, சட்டத்தின் குறை. அதனைத் திருத்துமாறு கேட்பது உன்னைப் போன்றோரின் வேலை மட்டும் அன்று. செய்தித்தாளைக் கையில் எடுக்கும் நம் அனைவரின் வேலையுமாகும்.